பெட்டி வீட்டைச் சுமக்க ஒரு வண்டி

அம்மிணி,

இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பின்னால் நின்று எட்டிப் பார்த்த உன் சித்தி, "முட்டி வலியை மறைக்காதீங்க, அதையும் எழுதுங்க" என்கிறாள். எழுதியாயிற்று. இரண்டு முட்டியும் வலிக்கிறது. மற்றபடி இந்த மலையில், நம் குண்டனி நாட்டிலேயே என்னைப்போல் திடமான ஆள் கிடையாது. நீ கேட்டது முட்டியை அல்ல, வண்டியை. "சித்தப்பா, பெட்டி ஊடு ரெடியாகப் போகுது. அதைச் சுமக்கற பிக்கப்பை மட்டும் நீங்க பாத்துச் சொல்லிருங்க, நீங்க கை காட்டறதைத்தான் வாங்குவோம்" என்றாய். நானும் போனில் ஒரு வண்டியைச் சொல்லிவிட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை நல்ல நாள், அன்றைக்கே முன்பணம் கட்டிவிடுகிறோம் என்று நீயும் சொல்லிவிட்டாய். அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்னால் இதை முழுக்கப் படித்துவிடு. மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு. நம் ஊர் வாட்ஸாப் குழுவிலும் போடச் சொல்லப்போகிறேன். வண்டி முதுகில் வீட்டைத் தூக்கி வைக்கிற யோசனை நாளைக்கு இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கும் வரலாம், அவர்களும் என்னிடம்தான் வந்து நிற்பார்கள்.

நடக்கப் பழகிய வயதில் எங்களிடம் வந்தவள் நீ. என் அண்ணன், உன் அப்பா, உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு குடகுக் காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போனார். திரும்பி வந்து கூப்பிட்டபோது நீ சித்தியின் சேலைக்குள் சுற்றிக்கொண்டு வெளியே வரவில்லை. அண்ணன் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "இங்கயே இருக்கட்டும்டா" என்று பஸ் ஏறிவிட்டார். அன்றைக்கே நீ எங்கள் மகள் ஆகிவிட்டாய். சித்தப்பா என்று கூப்பிடுவது வாய்ப்பழக்கம், அவ்வளவுதான். உனக்குக் கொடுக்க என்னிடம் என்ன இருந்தது? மிளகுக்கொடி ஏறிய சில மரங்கள், ஒரு மரவள்ளிக் காடு, அப்புறம் என் வண்டிக் கதைகள். இந்த மலையிலிருந்து பிக்கப்பில் மிளகு மூட்டை இறக்கிய முதல் ஆள் நான்தான் என்று சொல்லி வளர்த்தேன். எனக்கு முன்னால் ரெண்டு பேர் இறக்கியிருக்கலாம், அதெல்லாம் ஓர் இறக்கமா. பிரேக் எண்ணெய் முழுக்க ஒழுகிப்போன வண்டியைக் கியரிலேயே பிடித்துக்கொண்டு எழுபது வளைவையும் இறங்கினேன்; பின்னால் பலாப்பழ லோடு, பக்கத்து சீட்டில் கல்யாண மாப்பிள்ளை, அவன் தூங்கிக்கொண்டே வந்தான் என்று சொன்னேன். நீ அதைப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லி, நம்பாதவளைக் கிள்ளிவிட்டு வந்தாய். டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் டீச்சருக்கும் அதே கதையைச் சொன்னேன், போலீஸ் ஜீப் ஒன்றைச் சேர்த்து.

இப்படி நம்பி வளர்ந்தவள், பெங்களூரில் இவ்வளவு பெரிய வேலையில் இருந்துகொண்டு, வண்டிக்கு இன்னும் என்னைத்தான் கேட்கிறாய். முதலில் எனக்குப் பெருமையில் கால் தரையில் நிற்கவில்லை. செம்மேட்டு டீக்கடையில் எல்லோருக்கும் சொன்னேன். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் என் மகளுக்கு ஒரு வீடு தயாராகிறது. உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மாப்பிள்ளை உட்கார்ந்து வேலை பார்க்க மடக்கு மேஜை, பாப்பாவுக்குத் தொட்டில் கொக்கி எல்லாம் இருக்கிறது. நாலு மூலையிலும் இரும்புக் கால். காலை இறக்கிவிட்டு வண்டியை முன்னால் எடுத்தால் வீடு நின்ற இடத்திலேயே நிற்கும், வண்டி காய்கறி வாங்கப் போய்விடும் என்றேன். குளிக்கிற அறைக்கு வெந்நீர் தானாக வரும் என்று நானாகச் சேர்த்தேன். அதைவிட நீ சொன்ன இன்னொன்றைத்தான் அதிகம் சொன்னேன். "ஆடி நோம்பி முடிஞ்சதும் உங்க வாசல்ல கொண்டாந்து நிறுத்திக்கறோம் சித்தப்பா. மழை முடியற வரைக்கும் அங்கயேதான்." கல்யாணம் ஆனதிலிருந்து நீ காலையில் வந்து சாயங்காலம் போகிறவள். நான் குறை சொல்லவில்லை. நம் வீட்டில் இருப்பது ஒரே அறை. தகரக் கூரையில் மழை விழுந்தால் மாப்பிள்ளையின் மீட்டிங்கில் எதிர்முனையில் இருப்பவருக்கு அருவிதான் கேட்கும். அதற்குத்தான் இந்தப் பெட்டி வீடு வழி என்று நினைத்தேன். வாசலை ஒட்டிய மரவள்ளியை முற்றுவதற்கு முன்னாலேயே பிடுங்கிவிட்டு, உன் இரும்புக் கால்கள் நிற்க நாலு இடத்தில் கல் பாவி, தண்ணீர் ஊற்றி, மட்டம் பார்த்து வைத்திருக்கிறேன். விமானம்கூட வந்து இறங்கலாம், அவ்வளவு சமம்.

மலையில் வண்டி வாங்குகிற முறை உனக்குத் தெரியும். நாங்கள் கம்பெனிக்காரன் கொடுக்கிற தாளைப் பார்ப்பதில்லை. அதே மாதிரி வண்டி யாரிடம் இருக்கிறதோ அவரிடம் இரவல் வாங்கி, நம் பாரத்தை ஏற்றி, அடிவாரத்திலிருந்து மேலே ஓட்டிப் பார்ப்போம். ஏறினால் வாங்குவோம், மூச்சு வாங்கினால் விட்டுவிடுவோம். நீ சொன்ன பெட்டியின் எடை, நிறைத்த தண்ணீரின் எடை, உங்கள் மூன்று பேர் எடை எல்லாவற்றையும் கூட்டி, அதே கனத்துக்கு மணல் மூட்டை கட்டி, உன் சித்தியின் தம்பியுடைய சின்ன பிக்கப்பில் ஏற்றினேன். விவசாய ஆபீசில் வேலை பார்க்கும் ஆரோக்கியம் சார் கூட வந்தார். திருச்சிப் பக்கத்து ஆள், மலைக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்து சனிக்கிழமைகளில் என்னோடு வண்டியில் இறங்கி ஏறுகிறவர், வளைவு வந்தால் இன்னமும் கண்ணை மூடிக்கொள்கிறவர். வண்டி ஏறியது பார், ஆடு ஏறுகிற மாதிரி. மேலே வந்ததும் மூச்சு வாங்கியது ஆரோக்கியம் சாருக்குத்தான். எதிரே வந்த பஸ் டிரைவர் ஒதுங்கி நின்று கும்பிட்டார். உன் சித்தி, அந்த டிரைவர் நெற்றியைத்தான் துடைத்தார் என்கிறாள். அவள் அங்கே இல்லவே இல்லை. மேலே வந்த வேகத்தில்தான் உனக்குப் போன் போட்டு, "சின்ன வண்டியே போதும் கண்ணு, சித்தப்பா ஓட்டிப் பாத்துட்டேன்" என்றேன்.

அடுத்த வாரம் பட்டறையிலிருந்து நீ படம் அனுப்பினாய். பாப்பா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள், பின்னால் வெள்ளை வெளேரென்று பெட்டி. அழகுதான். சினிமாக்காரன் வீடுகூட இப்படி இருக்காது. நான் டீக்கடையில் படத்தை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தேன். ஆரோக்கியம் சார் அதை வாங்கி, பெரிசாக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணே, உங்க மணல் மூட்டை இவ்ளோ உசரமாவா இருந்துச்சு?" என்று கேட்டார். கடையில் ஒரு பயலும் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன். "உசரத்துல என்னங்க சார் இருக்குது, கனம் ஒண்ணுதானே" என்றேன். சொல்லிக்கொண்டே படத்தைத் திருப்பி வாங்கிப் பார்த்தேன். மூட்டை வண்டியின் பின்தொட்டி அடியில் படுத்துக்கொண்டு வரும். உன் வீடு நிமிர்ந்து நின்றுகொண்டு வரும். டிரைவர் தலைக்கு மேலேயும் மூக்கை நீட்டிக்கொண்டு, பின்பக்கம் சக்கரத்தைத் தாண்டியும் இடுப்பைத் தள்ளிக்கொண்டு.

அதனால் இன்னொரு முறை ஓட்டினேன். உன் சித்தியின் தம்பி இரண்டாம் முறை வண்டி கொடுக்க யோசித்தான். அவனுக்கு ஒரு பலாப்பழத்தைக் கொடுத்து வாயை அடைத்தேன். இந்த முறை மூட்டையைக் குறைத்துவிட்டு, தொட்டிக்கு மேலே சவுக்குக் கட்டையில் பரண் கட்டி, தண்ணீர் நிரப்பிய டிரம்களைப் பரண் மேல் ஏற்றிக் கட்டினேன். கீழே போகவில்லை, செம்மேட்டுக்கு இந்தப்பக்கம் இருக்கிற சரிவிலேயே பார்த்தேன். நேர் ரோட்டில் ஒன்றும் தெரியவில்லை. வலதுபக்க வளைவில் திருப்பினேன். ஸ்டீரிங் கையில் லேசாகிவிட்டது, காற்றைத் திருப்புகிற மாதிரி. பின்னால் தண்ணீர் ஒருபக்கமாகச் சாய்ந்து இழுத்தது. உள்பக்கச் சக்கரம் தரையை விட்டது எனக்கு இடுப்பில் தெரிந்தது. ஒரு கணம்தான், மறுபடி விழுந்துவிட்டது. ஆரோக்கியம் சார் கதவைத் திறந்துகொண்டு ஒரு காலை வெளியே விட்டிருந்தார். "சேசுவே" என்று ஒரு தரம் சொன்னார். அம்மிணி, எனக்கு அந்த வண்டியில் நானோ அவரோ தெரியவில்லை. படத்தில் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாளே பாப்பா, அவள்தான் தெரிந்தாள். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பரணைப் பிரித்தேன். முடிச்சு அவிழும்வரை பொறுக்கவில்லை, கயிற்றை அறுத்துவிட்டேன். இதை நான் இன்னும் யாரிடமும் பெருக்கிச் சொல்லவில்லை. பெருக்க வரவில்லை.

மறுநாள் நாமக்கல்லுக்கு இறங்கிப் போய், வண்டிக் கடையில் தொட்டி நீளமான நீட்டு பிக்கப்பைப் பார்த்தேன். கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். என்னைப் பெரிய லோடு முதலாளி என்று நினைத்துவிட்டார், நான் மறுக்கவில்லை. நீ பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். வண்டி எவ்வளவு சுமக்கும் என்று தாளில் போட்டிருப்பதில் உன் பெட்டி முக்கால் பங்குக்கு மேல் போகக்கூடாது; தண்ணீர், கேஸ், துணிமணி, நீ வழியில் வாங்கிச் சேர்க்கப்போகிற சாமான் எல்லாம் அந்த மிச்சத்துக்குள் வரவேண்டும். பின் சக்கரம் பெட்டியின் வயிற்றுக்கு நேர் கீழேயோ அதற்கும் பின்னாலேயோ இருக்கவேண்டும். பெட்டியின் கனம் சக்கரத்துக்குப் பின்னால் தொங்கினால் முன்பக்கம் தூக்கும், ஸ்டீரிங் சொன்னபேச்சுக் கேட்காது. இரண்டு பின் சக்கரத்துக்கும் நடுவில் அகலம் வேண்டும். நாங்கள் பாரத்துக்குப் பயந்து பின்னால் ஒரு ஸ்பிரிங் பட்டை கூடுதலாகப் போட்டுக்கொள்வோம். அது கனத்தைத் தாங்கும், சாய்கிறதை நிறுத்தாது. இதெல்லாம் நீட்டு வண்டியில் இருக்கிறது. உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். உன் வீட்டைச் சுமக்கவே செய்த மாதிரி வண்டி. அதில் எனக்கு ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

குறை வண்டியில் இல்லை, நம் பாதையில் இருக்கிறது. மெயின் ரோட்டில் பஸ் வருகிற இடமெல்லாம் நீட்டு வண்டியும் வரும். அங்கிருந்து நம் ஊருக்குப் பிரிகிற சிமெண்டுப் பாதையில், முடக்குக் கருப்பன் பாறை இருக்கிறதே, ஒருபக்கம் சாமி, மறுபக்கம் ஓடைப் பள்ளம், பாதை முடங்கித் திரும்புகிற அந்த இடம். கடையிலேயே முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரத்தைக் கயிற்றில் அளந்து வந்து, அந்த நீளத்துக்கு ஒரு மூங்கில் வெட்டினேன். ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன், முன் சக்கரம். மறுமுனையை உன் சித்தியிடம் கொடுத்தேன், பின் சக்கரம். "நான் திரும்பறப்போ நீயாத் திரும்பக்கூடாது புள்ள, மூங்கில் இழுக்கற பக்கம் வா" என்று சொல்லிவிட்டு மேட்டில் ஏறினேன். மூங்கில் பாறையில் இடித்தது. பின்னால் வந்து, ஓடையோரமாக ஒட்டிப் போனேன், இடித்தது. முன்னும் பின்னுமாக ஒடித்துத் திருப்பிப் போனேன். என் பாதி செருப்பு பள்ளத்துக்கு மேல் நின்றது, மூங்கில் அப்போதும் இடித்தது. மிளகு மூட்டையோடு வந்த மருமகன் முறைப் பையன், "என்னங்க மாமா, அத்தையை வெச்சு ஓட்டிப் பழகறீங்களா?" என்று கேட்டான். உன் சித்தி, "கல்யாணமானதுலருந்து நாந்தான் ஓட்டறேன் சாமி, இன்னைக்குத்தான் அவரு முன்னால போறாரு" என்றாள். சிரித்துவிட்டு அவன் போனபிறகும் நாங்கள் இரண்டு பேரும் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தோம். "சின்ன வண்டின்னா வந்துருங்களா?" என்று கேட்டாள். வந்துவிடும் என்றேன். அவள் மூங்கிலைக் கீழே போட்டுவிட்டாள். அவள் கேட்ட கேள்விக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சின்ன வண்டியை நீ மெதுவாக ஓட்டினால் ஒன்றும் ஆகாது, ஆயிரம் பேர் ஓட்டவில்லையா என்று.

சும்மா விட்டுவிடவில்லை. பாறையின் ஓர் ஓரத்தில் ஒரு முழம் செதுக்கினால் போதும் என்று ஊர்க்கவுண்டரிடம் போனேன். ரோடு போட வந்த காண்ட்ராக்டரே வளைத்துக்கொண்டு போன பாறை அது. "எங்க கையில என்ன இருக்குது, சாமியைக் கேளுங்க" என்றார். பூவாக்கு கேட்டோம். பூசாரி வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் தனித்தனி இலையில் மடித்துப் பாறை முன்னால் போட்டார். வெள்ளை வந்தால் உத்தரவு. சின்னப் பிள்ளை ஒன்று எடுத்துக் கொடுத்தது. சிவப்பு. நான் கேட்ட விதம் சரியில்லையோ என்று, முழம் வேண்டாம், ஒரு சாண் போதும் என்று திருப்பிக் கேட்டேன். மறுபடி சிவப்பு. விரற்கடை என்று ஆரம்பித்தபோது பூசாரி, "கருப்பன்கிட்ட பேரம் பேசாதீங்க" என்று விபூதியைப் பூசி அனுப்பிவிட்டார். செக்போஸ்டில் பேசியிருக்கிறேன், வங்கி மேனேஜரிடம் பேசியிருக்கிறேன், உன் சித்தியின் அப்பாவிடமே பேசிப் பெண் வாங்கியிருக்கிறேன். என் பேச்சுக்கு இளகாத ஒன்றை இந்த வயதில்தான் பார்க்கிறேன். வழியில் பெட்டியை மட்டும் இறக்கி, ஊர் ஆட்களை வைத்துத் தேர் தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று உன் சித்தியிடம் சொன்னேன். "போகறப்பவும் தூக்குவாங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டாள்.

ஆகவே அம்மிணி, நீட்டு வண்டியை வாங்கு. சின்னது வேண்டாம். நான் போனில் சொன்னது மூட்டைக்குச் சொன்னது, பாப்பா தூங்குகிற வீட்டுக்குச் சொன்னதல்ல. நீட்டு வண்டியில் நீங்கள் காஷ்மீர் வரைக்கும் போய் வரலாம். இங்கே வந்தால் செம்மேட்டில் பஸ் திரும்புகிற இடத்தோரம் ஒரு ராத்திரி நிறுத்த விடுவார்கள். அதற்குமேல் விடமாட்டார்கள், கேட்டுப் பார்த்துவிட்டேன். நீங்கள் நிறுத்துகிற இடத்துக்கு நாங்கள் வருவோம். மழைக்காலம் முழுக்க என்ற பேச்சை விட்டுவிடு. வாசலில் பாவிய கல்லின்மேல் உன் சித்தி மிளகு காயப் போட்டிருக்கிறாள், நன்றாகவே காய்கிறது.

இதைச் சொல்ல இரண்டு தரம் உனக்குப் போன் போட்டேன். முதல் தரம் பாப்பா எடுத்து, "அப்புச்சி, மழை வந்துருச்சா?" என்று கேட்டாள். வரப்போகுது சாமி, நீயும் வா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். இரண்டாம் தரம் நீயே எடுத்தாய். "சின்ன வண்டிதானே சித்தப்பா, உறுதியாத்தானே சொல்றீங்க?" என்று கேட்டாய். எனக்குள்ளே வேறு யாரோ உட்கார்ந்துகொண்டு, "சித்தப்பா சொன்னா சொன்னதுதான்" என்று சிரித்தது உனக்கும் கேட்டிருக்கும். அதற்காகத்தான் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை நீட்டு வண்டிக்கு முன்பணம் கட்டு, கட்டிவிட்டு எனக்குக் கூப்பிடு. அதற்கு முன்னால் கூப்பிடாதே, கண்ணு. கூப்பிட்டு, ஒரே ஒரு தரம் நீ யோசிக்கிற மாதிரிக் கேட்டாலும், சின்னதையே வாங்கிக்க, நான் பாத்துக்கறேன் என்று சொல்லிவிடுவேன். நீயும் நம்பிவிடுவாய்.

போனைச் சித்தியிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற,
உன் சித்தப்பா